பூரட்டாதிக்குப் பக்கத்தில் ஒரு சூரியன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொடைக்கானலில் மார்கழி மாதம் இருட்டியதும் மேற்கே அண்ணாந்து பார்த்தால் நான்கு விண்மீன்கள் பெரிய சதுரமாக நிற்கும், அதில் இரண்டுதான் நம் ஜாதகத்தில் வரும் பூரட்டாதி, அந்த இரண்டுக்கும் நடுவே சதுரத்துக்குச் சற்று வெளியில் மங்கலாக ஒன்று தெரியும். அந்த விண்மீனின் பெயர் 51 பெகாசி. நம் சூரியனைப் போன்றது, சுமார் 50 ஒளியாண்டு தூரம். 1995-ல் வானியலாளர்கள் மேயரும் கெலோவும் அதைச் சுற்றும் ஒரு கோளைக் கண்டுபிடித்தார்கள், 2019-ல் நோபல் பரிசும் கிடைத்தது. ஏறக்குறைய பாதி வியாழன் எடையுள்ள அந்தக் கோளுக்கு ஒரு வருடம் என்பது நாலே கால் நாள்தான்!

கோளை அவர்கள் நேரில் பார்க்கவில்லை. அது இழுக்க இழுக்க விண்மீன் நொடிக்குச் சுமார் 55 மீட்டர் வேகத்தில் முன்னும் பின்னும் ஆடுகிறது, அதனால் அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் தெரியும் மெல்லிய கறுப்புக் கோடுகள், அதாவது நிறமாலைக் கோடுகள், மயிரிழை நகர்கின்றன, அதை அளந்தார்கள். 1909-ல் நம் ஊர் வானாய்வகத்தில் வானியலாளர் எவர்ஷெட், சூரியன்மேல் கறுப்பாகத் தெரியும் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதைக் கண்டதும் இதே கோட்டு நகர்வை வைத்துத்தான். இதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

சரி, எழுத வந்த விஷயம். எங்கள் வீட்டு எதிர்ச்சரிவில் ஒரு விடுதிக்காரர் வானத்தைப் பார்த்து ஆறு ஃபோகஸ் லைட் போட்டிருக்கிறார். போன வருடம் வாசலில் நின்று பேத்திக்கு வெறுங்கண்ணால் காட்டிய அந்த விண்மீன் இந்த வருடம் தெரியவே இல்லை, மூடுபனிகூட மஞ்சளாக நிற்கிறது. விளக்கைக் கீழே திருப்பி மேலே ஒரு தகர மூடி போட்டால் போதும். மலையில் இருக்கும் எல்லா விடுதிகளுக்கும் இதைக் கட்டாயமாக்க வேண்டும்.

ஒரு வாசகர்,
கொடைக்கானல்