நோன்பு என்றைக்கு என்று கேட்டாயே

அன்பு மகளுக்கு,

அப்பச்சி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். சிகாகோவில் நம் நகரத்தார் பிள்ளையார் நோன்பை நமக்கு ஒரு நாள் முந்தியே வைக்கச் சொல்கிறார்கள், யார் கணக்கு சரி என்று கேட்டிருந்தாய். ரெண்டுமே சரியாக இருக்கலாம்.

சூரியனை விட்டுச் சந்திரன் 12 பாகை விலகினால் ஒரு திதி. அது வானத்தில் நடப்பதால் உலகம் முழுக்க ஒரே கணத்தில்தான் மாறும், கடிகாரம்தான் ஊருக்கு ஊர் வேறு. காரைக்குடியில் வெள்ளி காலை 6 மணிக்கு நோன்புக்குரிய சஷ்டித் திதி பிறக்கிறது என்று வை, உனக்கு அப்போது வியாழன் மாலை 6:30, விளக்கேற்றுகிற நேரம். வெள்ளி சாயங்காலம் வரை நீ காத்திருந்தால் அங்கே அடுத்த திதி சப்தமி வந்துவிடலாம். நமக்குச் சஷ்டியோடு சதய நட்சத்திரமும் கூட வேண்டும், அதையும் இதே மாதிரி மாற்றிப் பார்த்துக்கொள்.

நோன்புத் திரிக்கு 21 நூல் இழை ஏன் என்று நீ சின்ன வயசில் நச்சரித்தது ஞாபகம் இருக்கிறதா? கார்த்திகைப் பௌர்ணமியிலிருந்து எண்ணினால் தேய்பிறையில் 15, வளர்பிறையில் 6, ஆக 21ஆவது திதி சஷ்டி. கார்த்திகை நட்சத்திரத்துக்கு அடுத்த ரோகிணியை ஒன்று என்று வைத்து எண்ணு, 21ஆவது சதயம்! எண்ணுக்கு இதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை, ஆனால் ரெண்டு கணக்கும் ஒரே இடத்தில் வந்து நிற்பதை நினைத்தால் எனக்கு இப்பவும் ஆச்சரியம்தான். திதிக்கும் நட்சத்திரத்துக்கும் நீளம் வேறு என்பதால் சில வருஷம் இழுபறி ஆகும், அப்போது பஞ்சாங்கக்காரர் சொல்வதுதான்.

ராகு காலம் அப்படி இல்லை, அது முழுக்க உள்ளூர்ச் சமாசாரம். பகலை எட்டாகப் பிரித்து அதில் ஒரு பங்கு. "திருநாள் சந்தடியில் வெயிலில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா" என்று கிழமை வரிசையை மனப்பாடம் செய்தாயே, அந்த 7:30, 9:00 எல்லாம் ஆறு மணிக்கு ஆறு மணி பகலுக்குத்தான் பொருந்தும். மார்கழியில் உங்கள் ஊரில் பகலே ஒன்பது மணி நேரம்தான், ஒன்றரை மணி நேரத்துக்குப் பதில் ராகு காலம் ஒரு மணி எட்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். நம் வீட்டுக் காலண்டரை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லாதே, அது அங்கே உதவாது. தினம் ராகு காலம் பார்த்து ஆபீசுக்குக் கிளம்பவும் வேண்டாம், சம்பளம் கொடுப்பவனுக்கு அது தெரியாது.

நோன்புக்கு ஆவாரம்பூ கிடைக்காவிட்டால் பரவாயில்லை. புதுத்துணியில் எடுத்த நூலை ஆத்தா பார்சலில் வைத்திருக்கிறாள். இழைமாவில், அதான் அரிசிமாவும் வெல்லமும் சேர்த்துப் பிசைந்ததில், திரியை ஏற்றுவதற்கு முன்னால் அந்தப் புகை அலாரத்தை மட்டும் கவனி, போன தடவை மாதிரி கட்டடமே இறங்கி வந்து நிற்கப்போகிறது. மாப்பிள்ளையையும் அன்றைக்குச் சீக்கிரம் வரச் சொல்.

அப்பச்சி