தறிக்கூடத்தில் படம் காட்டுவதற்கு முன்

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள அம்மிணி,

பவானி ஜமக்காள நெசவுக்காரர்களைப் பற்றிப் படம் எடுத்து, தறிக்கூடத்திலேயே கண்காட்சியாகக் காட்டப் போவதாக எழுதியிருந்தாய். அதற்காக சானல் வேலையை விட வேண்டாம். வெள்ளி ராத்திரி சென்னையில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் பவானியில் படம் எடுக்கலாம். ஞாயிறு ராத்திரி திரும்பலாம். ஆனால் முதல் ஷாட்டுக்கு முன்பே, சொந்தப் படம் எடுக்க ஆட்சேபணை இல்லை என்று ஆபீசில் எழுதி வாங்கிவிடு. மேலதிகாரி மாறினால் வாய்ச்சொல் நிற்காது. அவர்கள் கேமராவும் எடிட் சூட்டும் இதற்கு வேண்டவே வேண்டாம் சாமி, படம் யாருடையது என்ற பேச்சு வரும். சானல் லோகோ மாட்டிய மைக்கும் வேண்டாம். அதைப் பார்த்தால் நெசவுக்காரர்கள் செய்திக்குப் பேட்டி கொடுப்பது போலத்தான் பேசுவார்கள்.

கேமராவில் நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 நொடி வைத்துக்கொள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். 24 பிரேம், ஷட்டர் 1/48 வைத்தால் தறிக்கூடத்து டியூப்லைட் படத்தில் துடிக்கலாம். கேமராவை நிறுத்திவிட்டு, யாரும் பேசாத நேரத்தில் தறிச் சத்தத்தை மட்டும் 10 நிமிடம் பதிவு செய். கண்காட்சிக்கு அதுதான் உயிர்.

கண்காட்சியில் படத்தை அப்படியே ஓட்டாதே. ஆட்கள் நடுவில் வருவார்கள், நடுவில் போவார்கள். எங்கே நுழைந்தாலும் புரிகிற 8 நிமிடத் துண்டு போதும். பென் டிரைவில் அதையே திரும்பத் திரும்ப ஓடும்படி லூப் போட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே திரை கறுக்கும், சில புரொஜெக்டரில் பைல் பெயரும் தெரியும். துண்டை 7 முறை ஒட்டி 56 நிமிட பைலாக்கு. நொடிக்கு 8 மெகாபிட் (எம்பிபிஎஸ்) வைத்தால் அது சுமார் 3.4 ஜிபி, பேட்32 பார்மட் பென் டிரைவில் ஒரு பைலுக்கு உள்ள 4 ஜிபி வரம்புக்குள் அடங்கும்.

ஜமக்காளத்தின் மேலேயே படம் விழ வேண்டும் என்று ஆசைப்படாதே, சிவப்பும் பச்சையும் கோடுகள் முகத்தைத் தின்றுவிடும். திருப்பூர் வெள்ளை பனியன் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டு. சுருக்கம் விழாது, இரண்டு பக்கமும் படம் தெரியும். த்ரோ 1.5, அதாவது பட அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் கேட்கும் புரொஜெக்டர் என்றால் 8 அடி அகலப் படத்துக்கு 12 அடி தள்ளி வைக்க வேண்டும். திரைக்கு நேர் பின்னால் வைத்தால் லென்ஸ் வெளிச்சம் பார்ப்பவர் கண்ணில் அடிக்கும். உயரத்தில் ஏற்றிச் சாய்த்து வை. பஞ்சுத்தூசி பில்டரை அடைத்தால் புரொஜெக்டர் சூடேறித் தானே அணைந்துவிடும். தினமும் பொழுதோட பில்டரைத் தட்டிச் சுத்தம் செய். கரண்ட் போனாலும் பேன் ஓடி லேம்ப் ஆற, 10 நிமிடம் தாங்கும் யுபிஎஸ் வேண்டும். ஒயரெல்லாம் மேலேயே போகட்டும்.

குழித்தறி, இருட்டு. யாராவது காலை விட்டுவிடுவார்கள். குழியின் நீள அகலம் அளந்து அனுப்பு. அதை மூட ஆசாரியிடம் சொல்லிப் பலகை அறுத்து வைக்கிறேன்.

அப்பா