லேபிளைப் பார்த்துவிட்டு ஃபைலைத் தேடு

அன்புள்ள மலருக்கு,

போனில் பேசும்போது நீ அவசரத்தில் இருந்தாய். நான் சொன்னதில் பாதிகூட உன் காதில் ஏறியிருக்காது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நீ வாங்கிய பழைய டிவியில் வீடியோ ஆப் திறக்கவில்லை. தெரிந்தவர் ஒருவர் ஃபர்ம்வேர் ஃபைல், அதாவது டிவியையே இயக்குகிற புரோகிராம், அனுப்பியிருக்கிறார், பென்டிரைவில் போட்டுச் செருகினால் சரியாகிவிடும் என்கிறார். இதுதானே விஷயம்? இன்னும் போடவில்லை என்றால் போடாதே. "அதே கம்பெனிப்பா, அதே சைஸ், மாடல் நம்பர்கூடக் கடைசி ரெண்டு எழுத்துதான் வேற" என்றாய். கடைசி இரண்டு எழுத்து வேறாக இருந்த ஃபைலைப் போட்டுவிட்டு, கறுப்புத் திரையோடு என் ரிப்பேர் பெஞ்சுக்கு வந்த டிவிகள் எத்தனையோ.

டிவியின் மெயின் போர்டில் ஒரு மெமரி சிப் உண்டு. ஸ்விட்ச் போட்டதிலிருந்து அணைக்கும் வரை டிவி செய்கிற அத்தனைக்குமான புரோகிராம் அதில்தான் இருக்கிறது. அந்தப் புரோகிராமுக்குத் தன் உடம்பு தெரிந்திருக்க வேண்டும். பேனலில், அதாவது படம் தெரிகிற திரையில், 1366க்கு 768 புள்ளிகளா, 1920க்கு 1080ஆ? எந்த வைஃபை மாட்யூல், எந்த ரிமோட், எந்த ஆடியோ சிப்? கம்பெனி ஒரே பெயரில்தான் டிவியை விற்கும். ஆனால் நடுவில் ஒரு பேனல் கிடைக்காமல் போனால் வேறொரு தயாரிப்பாளரின் பேனலை மாட்டிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. அப்படி ஒன்றின் ஃபைலை மற்றதில் போடுவது, ஒரே பெயருள்ள இரண்டு நோயாளிகளில் ஒருவருடைய மருந்துச் சீட்டை இன்னொருவரிடம் நீட்டுகிற கதைதான்.

பெரிய கம்பெனி டிவிகள் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். ஃபைலில் கம்பெனியின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதா, மாடல் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு, பொருந்தாவிட்டால் ஏற்க மறுத்துவிடும். தொல்லை சின்ன பிராண்டுகளில்தான். பலவற்றுக்குள் இருப்பது யுனிவர்சல் போர்டு. அதே போர்டு வேறு வேறு பெயர்களில், வேறு வேறு பேனல்களோடு விற்கப்படும். அது எதையும் விசாரிக்காது, கொடுத்த ஃபைலை அப்படியே எழுதிக்கொள்ளும்.

அப்படி ஒரு டிவி என்னிடம் வந்தது. ஆன் செய்தால் படம் தலைகீழ். முகங்களில் பச்சையும் ஊதாவும் திட்டுத்திட்டாக. போர்டிலிருந்து பேனலுக்குப் படத்தைக் கொண்டுபோகிற எல்விடிஎஸ் என்ற சிக்னலில் நிறத் தகவலை அடுக்கும் முறை இரண்டு உண்டு. ஃபைல் ஒரு முறையில் அனுப்ப, பேனல் மற்றதை எதிர்பார்த்துக் காத்திருந்தது. ரிப்பேர் செய்பவர்களுக்கான சர்வீஸ் மெனுவுக்குள் போக முடிந்தால் ஐந்து நிமிட வேலை. ஆனால் ரிமோட்டை அமுக்கினால் டிவி அசையவே இல்லை. புது ஃபைலுக்கு அந்த ரிமோட்டையே தெரியாதே! கடைசியில் கவரைக் கழற்றி, போர்டில் அச்சடித்திருந்த எண்ணையும் பேனலின் முதுகில் ஒட்டியிருந்த எண்ணையும் படித்து, இரண்டுக்கும் பொருந்துகிற ஃபைலைத் தேடிப் போட்ட பிறகுதான் படம் நேரானது. நீ கவரில் கை வைக்காதே. பவர் போர்டில் இருக்கும் பெரிய கெபாசிட்டரில், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைத் தூக்கி எறிகிற அளவுக்கு சார்ஜ் தங்கியிருக்கும்.

ஆகவே முதலில் டிவி யார் என்று தெரிந்துகொள். முன்பக்கத்துப் பெயரை வைத்துத் தேடிப் பிரயோஜனம் இல்லை. பின்னால் ஒட்டியிருக்கும் லேபிளைப் போட்டோ எடு. சுவரில் மாட்டியிருந்தால் போனை இடுக்கில் நுழைத்து ஃபிளாஷ் போட்டு எடுக்கலாம். மாடல் எண்ணைக் கடைசி எழுத்து வரை, சாய்வுக்கோட்டைக்கூட விடாமல் எழுதிக்கொள். சாம்சங்கில் எண் யுஇ என்று தொடங்கினால் ஐரோப்பாவுக்குச் செய்தது, யுஎன் என்றால் வட அமெரிக்காவுக்கு, யுஏ என்றால் ஆசியா போன்ற சந்தைகளுக்கு. அதற்கடுத்த எண் அங்குல அளவு. சேனலைப் பிடிக்கிற டியூனர், வட அமெரிக்காவில் ஏடிஎஸ்சி என்ற ஒளிபரப்பு முறைக்கானது, ஐரோப்பாவில் டிவிபி என்ற முறைக்கானது. அதனால்தான் முன்னெழுத்தும் பின்னெழுத்தும் வெறும் அலங்காரம் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அடுத்தது வெர்ஷன் எண். செட்டிங்ஸில் 'சப்போர்ட்' அல்லது 'அபவுட்' பகுதியில் இருக்கும். அதையும் போட்டோ எடுத்துவிடு. சின்ன எண்தான், ஆனால் சில நேரம் நிறையப் பேசும். 2017இல் விக்கிலீக்ஸ் தளம் வெளியிட்ட, அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் ரகசிய ஆவணங்களில், சாம்சங் எஃப்8000 வரிசை டிவியை யுஎஸ்பி வழியாக ஒட்டுக்கேட்கும் கருவியாக மாற்றுகிற வித்தை இருந்தது. 1118ஆம் பதிப்பிலிருந்து அந்த யுஎஸ்பி வழி அடைபட்டுவிட்டது என்று அதிலேயே குறித்து வைத்திருந்தார்கள். ஃபர்ம்வேர் அப்டேட் என்பது மெனு நிறத்தை மாற்றுகிற வேலை மட்டும் என்று நினைப்பவர்களுக்கு நான் இதைச் சொல்வதுண்டு. யார் கொடுத்த பென்டிரைவையும் அப்படியே செருகாதே என்பதற்கும் இதே உதாரணம் போதும்.

இப்போது உன் ஆப் விஷயம். ஃபர்ம்வேர் பக்கம் போவதற்கு முன், டிவியின் தேதியையும் நேரத்தையும் பார். சிரிக்காதே. டிவி ஒரு சர்வரோடு பேசும்போது, அது போலி இல்லை என்று காட்டுகிற பாதுகாப்புச் சான்றிதழ் இன்றைய தேதிக்குச் செல்லுமா என்று சரிபார்க்கும். டிவியின் கடிகாரம் பல வருடம் பின்னால் நின்றிருந்தால் எந்தச் சான்றிதழும் செல்லாது. ஆப் சுற்றிக்கொண்டே இருக்கும், அப்டேட்டும் 'நெட்வொர்க் பிழை' என்று திரும்பிவரும். நேரத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும்படி வைத்து, டிவியின் பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் கழித்து மறுபடி போட்டுப் பார்.

தேதி சரியாக இருந்தும் திறக்கவில்லையா? அப்போது டிவிக்குள் இருக்கிற சான்றிதழ்ப் பட்டியலே பழசாகியிருக்கலாம். 2021 செப்டம்பர் 30 அன்று, இணையத்தில் ஏராளமான தளங்களின் சான்றிதழ்களுக்கு அடிப்படையாக இருந்த ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானது. புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் பல, அன்றோடு சில தளங்களைத் திறக்க முடியாமல் நின்றன. இப்படிப்பட்ட கோளாறுக்கு ஃபர்ம்வேர் அப்டேட்தான் மருந்து. ஆனால் ஆப் கம்பெனியே உன் மாடலைக் கைவிட்டிருந்தால், எந்த ஃபைலைப் போட்டாலும் பலன் இல்லை. அப்போது டிவியை வெறும் திரையாக வைத்துக்கொண்டு, எச்டிஎம்ஐயில் நல்ல பிராண்டு ஸ்டிரீமிங் ஸ்டிக் ஒன்றைச் செருகுவதுதான் புத்திசாலித்தனம். பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பாக்ஸ் மட்டும் வேண்டாம். தயாரிப்பிலேயே வைரஸோடு வருகிற அப்படிப்பட்ட கருவிகளைப் பற்றி, பேட்பாக்ஸ் 2.0 என்ற பெயரைச் சொல்லி, 2025 ஜூனில் அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ பொது எச்சரிக்கையே விட்டது.

அப்டேட்தான் வேண்டும் என்று முடிவானால், முதல் வழி டிவியின் மெனுவிலேயே இருக்கிறது. சாஃப்ட்வேர் அப்டேட் என்பதை அமுக்கு. டிவியே தன் மாடலைச் சொல்லி, தனக்கான ஃபைலைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். ஆள் மாறாட்டத்துக்கு இடமே இல்லை. முடிந்தால் வைஃபைக்குப் பதிலாக லேன் கேபிள் போடு.

அதில் ஒன்றும் வரவில்லை என்றால் மட்டும் கம்பெனியின் சப்போர்ட் பக்கத்துக்குப் போ. தேடினால் மேலே வருகிற முதல் நாலைந்து முடிவுகளில் 'எல்லா டிவிக்கும் ஃபர்ம்வேர்' என்று கூவுகிற தளங்கள் இருக்கும். அவற்றில் பெரிய பச்சைப் பட்டன் இருக்கும், ஃபைலுக்குப் பதிலாக உன் கம்ப்யூட்டருக்கு ஒரு 'டவுன்லோடு மேனேஜர்' இறங்கும். மேலே முகவரிப் பட்டையில் இருப்பது கம்பெனியின் சொந்த முகவரிதானா என்று எழுத்தெழுத்தாகப் பார். பிரவுசரில் திடீரென்று 'உங்கள் டிவி ஆபத்தில் இருக்கிறது, இந்த எண்ணை அழையுங்கள்' என்று முளைப்பது எதுவும் கம்பெனியிடமிருந்து வருவதில்லை. உள்ளே போய் மாடல் எண்ணை முழுதாக அடி. வந்த ஃபைலின் வெர்ஷன், தேதி, எதைச் சரிசெய்கிறது என்ற குறிப்பு மூன்றையும் படி. உன் டிவியில் இருப்பது அதே வெர்ஷனோ அதைவிடப் புதியதோ என்றால் அங்கேயே நிறுத்திவிடு. பெரும்பாலான டிவிகள் பழைய பதிப்புக்குத் திரும்பவிடாது. ஏறினால் இறங்க முடியாது என்று எண்ணிக்கொண்டே ஏறு.

யுனிவர்சல் போர்டு டிவிகளுக்குச் சப்போர்ட் பக்கமே இல்லாமல் போவதும் உண்டு. அப்படியானால் சர்வீஸ் சென்டரில் சீரியல் எண்ணைச் சொல்லிக் கேட்பதுதான் வழி. அதுவும் இல்லையென்றால் விட்டுவிடு. ஓடுகிற டிவி ஓடட்டும்.

புதிதாக வந்த அன்றே போட்டுவிட வேண்டுமா என்றும் கேட்டாய். நானாக இருந்தால் ஓரிரு வாரம் பொறுப்பேன். 2017 ஆகஸ்டில் பிரிட்டனில் சாம்சங்கின் எம்யூ வரிசை டிவிகளில் ஒரு அப்டேட் தானாக இறங்கி, வாங்கிக் கொஞ்ச நாளே ஆன டிவிகளை முடக்கிப் போட்டது. வாங்கியவர்கள் நாட்கணக்கில் காத்திருந்தார்கள். கம்பெனியே அனுப்பிய, சரியான மாடலுக்கான ஃபைல்தான் அது. அதற்காக மாதக்கணக்கில் தள்ளிப்போடவும் கூடாது. எல்ஜி டிவிகளை இயக்குகிற வெப்ஓஎஸ் என்ற மென்பொருளின் 4 முதல் 7 வரையிலான பதிப்புகளில், வெளியாள் டிவிக்குள் நுழைந்து அதைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்ளும் ஓட்டைகளை பிட்டிஃபெண்டர் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்து 2024 ஏப்ரலில் வெளியிட்டது. இணையத்தில் நேராகத் தெரிகிற நிலையில் 91,000க்கு மேற்பட்ட டிவிகள் இருந்ததாகச் சொன்னார்கள். அதற்கு முந்தின மாதமே எல்ஜி திருத்தத்தை வெளியிட்டுவிட்டது. பாதுகாப்புத் திருத்தம் என்று குறிப்பில் இருந்தால் தாமதிக்காதே.

பென்டிரைவில் போடுவதென்றால் சின்னதாக, பழசானாலும் நம்பிக்கையான ஒன்றை எடுத்து ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய். விண்டோஸின் சாதாரண ஃபார்மேட் சாளரம் 32 ஜிபிக்கு மேற்பட்டதை ஃபேட்32 ஆக்க வெகுகாலமாகவே மறுத்து வந்திருக்கிறது, அதனால் 8 அல்லது 16 ஜிபி போதும். இறக்கிய ஜிப் ஃபைலைக் கம்ப்யூட்டரிலேயே விரித்து, கம்பெனி சொன்ன இடத்தில் வை. எல்ஜி டிவி, பெரிய எழுத்தில் LG_DTV என்று பெயரிட்ட ஒரு ஃபோல்டர் கேட்கும். சாம்சங்குக்கு விரித்ததை ஃபோல்டர் எதற்குள்ளும் திணிக்காமல் வெளியிலேயே வைக்க வேண்டும். ஃபைலின் பெயரைத் திருத்தாதே, பின்னால் '(1)' என்று ஒட்டிக்கொண்டிருந்தால்கூட டிவிக்குக் கண் தெரியாது. கம்பெனி எஸ்எச்ஏ-256 எண், அதாவது ஃபைலின் கைரேகை மாதிரியான நீண்ட எண், கொடுத்திருந்தால் இறங்கிய ஃபைலின் எண்ணோடு ஒப்பிட்டுப் பார். ஒரு எழுத்து மாறினாலும் அது கம்பெனி கொடுத்த ஃபைல் அப்படியே இல்லை என்று அர்த்தம்.

ஆரம்பிக்கும் முன் மற்ற யுஎஸ்பி, எச்டிஎம்ஐ கேபிள்களைக் கழற்றிவிடு. பிக்சர் செட்டிங்ஸையும் போட்டோ எடுத்து வை, சில அப்டேட்டுகள் அவற்றை அழித்துவிடும். கரண்ட் அடிக்கடி போகிற வீடாக இருந்தால் யுபிஎஸ்ஸில் மாட்டு. ஓட ஆரம்பித்த பிறகு திரை கறுப்பாகும், தானாக அணைந்து எரியும், சதவீதம் ஒரே இடத்தில் நிற்கும். பதறிப்போய் பிளக்கில் கை வைக்காதே. மெமரி சிப்பில் பழையதை அழித்துப் புதியதை எழுதுகிற நேரம் அது. நடுவில் நின்றால் பழையதும் இருக்காது, புதியதும் இருக்காது. சில புது டிவிகளில் இரண்டு பிரதிகள் வைக்க இடம் இருப்பதால் பழையதற்குத் திரும்பிக்கொள்ளும், உன் பழைய டிவியில் அதை எதிர்பார்க்க முடியாது.

லோகோவிலேயே நின்றுவிட்டால், ஒரு மணி நேரமாவது விட்டுப் பிறகு பிளக்கைப் பிடுங்கி, டிவியின் பவர் பட்டனை அரை நிமிடம் அமுக்கிவிட்டு மறுபடி போடு. அப்போதும் நின்றால் எனக்குப் போன் பண்ணு. பெரும்பாலும் பூட்லோடர், அதாவது டிவியை முதலில் எழுப்புகிற சின்ன புரோகிராம், பிழைத்திருக்கும். அது பிழைத்திருந்தால் சரியான ஃபைலை யுஎஸ்பியில் கொடுத்து எழுப்பிவிடலாம். அதுவும் போய்விட்டால் சிப்பை நேராக புரோகிராமர் என்ற கருவியில் வைத்து எழுத வேண்டும், அது பெஞ்சு வேலை.

நல்லபடியாக ஏறிவிட்டால் வெர்ஷன் எண் மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒருமுறை ஃபேக்டரி ரீசெட் கொடு. இது இன்னொருவர் பயன்படுத்திய டிவி; அவருடைய மெயில் கணக்கும் ஆப் பாஸ்வேர்டும் இன்னும் உள்ளேயே இருக்கும், அவை நமக்கு எதற்கு? ரீசெட் முடிந்ததும் மொழிக்கு அடுத்து நாட்டைக் கேட்கும். நீ இருக்கிற நாட்டையே கொடு. சேனல் தேடும் முறையும் ஆப் பட்டியலும் அதை வைத்துத்தான் வரும். லேபிள் போட்டோவையும் வெர்ஷன் போட்டோவையும் இன்றைக்கே அனுப்பு, சரியான ஃபைல் எது என்று நானும் ஒரு தடவை பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா