ஊதுகருவிப் பயிற்சியும் பிள்ளைகளின் உடல்நலமும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களே, வணக்கம்.

இத்தவணையில் நம் மாணவர்கள் திடல்தடப் போட்டியிலும் செந்தமிழ் விழாவிலும் பங்கெடுத்துப் பரிசுகளோடு திரும்பினார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் கூட்டுப்பணியால் வகுப்பறைகளும் பொலிவு பெற்றன. அனைவருக்கும் பாராட்டுகள்.

ஆண்டிறுதிக் கலைவிழா நெருங்கும் இவ்வேளையில், ரெக்கோடரும் கிளாரினெட்டும் வாசிக்கும் பிள்ளைகளைப் பற்றி உங்களோடு பேச வேண்டியுள்ளது. கட்டைவிரல் வலி, கழுத்துப் பிடிப்பு, உதட்டுப் புண் என இசையாசிரியரிடம் முறையிடும் மாணவர்கள் அண்மைய வாரங்களில் கூடிவருகிறார்கள். விசாரித்ததில், பலர் வீட்டில் இடைவேளையே இல்லாமல் வாசிப்பது தெரியவந்தது. உங்கள் ஆர்வத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆயினும் சிறுவர்களின் கைகளுக்கு ஓர் எல்லை உண்டு.

கிளாரினெட்டின் எடை ஏறக்குறைய 800 கிராம். அதில் பெரும்பகுதியை வலக்கைக் கட்டைவிரல்தான் தாங்குகிறது. கழுத்தில் மாட்டும் பட்டையை வாங்கிக் கொடுத்தால் அப்பாரம் விரலிலிருந்து குறையும். கிளாரினெட்டின் வாய்முனையில் அதிர்ந்து ஒலியெழுப்பும் மெல்லிய தகடுதான் ரீட். எண் கூடக் கூட அது விறைப்பாக இருக்கும். எண் கூடிய ரீட்டைப் பொருத்தினால் பிள்ளை விரைவில் முன்னேறும் என்று சிலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது பிள்ளையை வாயை இறுக்கிக் கடிக்க வைத்து உதட்டைத்தான் புண்ணாக்கும், தொடக்கநிலைக்கு 1.5 அல்லது 2 எண் போதும். ரெக்கோடர் இலேசான கருவிதான். எனினும் துளை சரியாக மூடாதோ என்ற அச்சத்தில் பிள்ளைகள் அதை இறுக்கிப் பிடிக்கிறார்கள். வாசித்து முடித்ததும் விரல்நுனியைப் பாருங்கள்: துளையின் வட்டம் மெல்லத் தெரிந்தால் கவலையில்லை, ஆழமாகச் சிவந்து பதிந்திருந்தால் பிடி தளர வேண்டும். கட்டிலில் சாய்ந்தபடி, மெத்தையில் கிடக்கும் கைப்பேசியைப் பார்த்து வாசிக்க விடாதீர்கள். கருவிதான் வாயருகே வர வேண்டும். கருவியைத் தேடித் தலை குனியக் கூடாது. சுமார் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை கருவியைக் கீழே வைத்து 5 நிமிடமாவது கைகளைத் தளர்த்தச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். வலித்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு வாசிக்கும்படி எந்தப் பிள்ளையையும் வற்புறுத்தக் கூடாது. வலி இருக்கும் மாணவர் அது தீரும்வரை பயிற்சியில் அமர்ந்து கேட்பாரே தவிர வாசிக்க மாட்டார். இதில் எவருக்கும் விலக்கில்லை. அவருடைய இடம் வேறொருவருக்குத் தரப்படாது என்பதால் வலியை மறைக்கவும் தேவையில்லை. ஓய்வுக்குப் பின்னும் வலி தொடர்ந்தாலோ விரல் மரத்துப்போனாலோ தாமதிக்காமல் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பினாங்குப் பாலத்து நெரிசலையும் மாலை மழையையும் பொருட்படுத்தாமல் பிள்ளைகளைப் பயிற்சிக்கு அழைத்து வருகிறீர்கள். அதற்கு என் மனமார்ந்த நன்றி. வரும் சனிக்கிழமைப் பயிற்சி முடிந்ததும், கருவியைப் பிடிக்கும் முறையை இசையாசிரியர் உங்களுக்கும் செய்து காட்டுவார். பிள்ளையோடு அவசியம் வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்