போர் வண்டிக்குக் கை கொடுத்தவர்களுக்கு

லேத் பட்டறை அண்ணன், ரிக் ஆபரேட்டர் அண்ணன், ஃப்ளெக்ஸ் கடைத் தம்பி, மெடிக்கல் அக்கா, பெயிண்டர் ஐயா, பஸ் ஸ்டாண்டு ஜூஸ் கடைக்காரர், ஓசூர் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டாளிகள், அப்புறம் எங்கள் அப்பா, எல்லோருக்கும் வணக்கம்.

வண்டி முடிந்துவிட்டது. ஏழு மாதம் ஆனது.

நான் கேட்டதையெல்லாம் எடுத்துக் கொடுத்தீர்களே தவிர, எதற்குக் கேட்டேன் என்பது உங்களில் பாதிப் பேருக்கு இன்னும் புரிந்திருக்காது. ஊசியே வேண்டாம், சிரிஞ்சு மட்டும் போதும் என்று நான் சொன்னபோது மெடிக்கல் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அதனால் முதலில் விளக்கம் சொல்லிவிடுகிறேன்.

வார்ஹாமர் 40,000 என்பது மேசைமேல் விளையாடும் போர் விளையாட்டு. கேம்ஸ் வொர்க்ஷாப் என்ற இங்கிலாந்துக் கம்பெனி 1987-இல் கொண்டுவந்தது. சின்னச் சின்னப் பொம்மைகளை நாமே ஒட்டி, நாமே வர்ணம் பூசி, மேசையில் இறக்கி, இஞ்ச் டேப்பால் தூரம் அளந்து நகர்த்த வேண்டும். சுட்டது பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். அதில் என்னுடைய படை ஆர்க்குகள். பச்சைத் தோல், கோரைப் பல், சண்டை என்றால் சோறு தண்ணி வேண்டாம் என்கிற கூட்டம். கண்ணில் பட்ட இரும்பையெல்லாம் ஒன்றோடொன்று பற்றவைத்து வண்டி செய்துகொள்வார்கள். அம்மா அவர்களை முதன்முதலில் பார்த்தபோது, "இது புது வீட்டுக்குக் கட்டுற திருஷ்டி பொம்மைதானே?" என்றார். இதைவிடச் சரியான விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை.

ஆர்க்குகளின் பெரிய வண்டிக்கு ஆங்கிலத்தில் பேட்டில்வேகன் என்று பெயர். தமிழில் போர் வண்டி. ஒரு நாள் ஓசூருக்கு வேலைக்குப் போகும்போது, சூளகிரிக்குப் பக்கத்தில் எங்கள் பஸ்ஸுக்கு முன்னால் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. பக்கத்து சீட்டுக்காரர், "போர் வண்டிக்குப் பின்னாடி மாட்டினா இன்னிக்கு ஷிஃப்டு போன மாதிரிதான்" என்று அலுத்துக்கொண்டார். அங்கேதான் பொறி தட்டியது. கிருஷ்ணகிரிக்காரன் படையில் போர் வண்டி என்று ஒன்று இருந்தால், அது போர் போடும் வண்டியாகத்தானே இருக்க வேண்டும்?

கடையில் விற்கும் பேட்டில்வேகனையே வாங்கியிருக்கலாம். அதன் விலையோடு கூரியரையும் சுங்க வரியையும் கூட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். மேலும், குப்பையில் வண்டி செய்வது இந்த விளையாட்டில் புதிதும் அல்ல. ஆரம்ப காலத்தில் காலி டியோடரண்ட் டப்பாவை வைத்து மிதக்கும் டாங்கி செய்ய அந்தக் கம்பெனியே வழி காட்டியிருக்கிறது.

ரிக் ஆபரேட்டர் அண்ணா, உங்களில் இருந்துதான் தொடங்க வேண்டும். ராயக்கோட்டை மேம்பாலம் பக்கம் டீக்கடையில் நீங்கள் வண்டியை நிறுத்திவிட்டு பன் தின்றுகொண்டிருந்தீர்கள். முன்பின் தெரியாதவன், கையில் காலண்டர் அட்டையில் வெட்டி ஒட்டிய ஒரு மாதிரியோடு வந்து நின்றேன். வேறு யாராவது இருந்தால் சிரித்திருப்பார்கள். நீங்கள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டது: "ஏனுங்க தம்பி, ஜாக்கி எங்கீங்க? ஜாக்கி போடாம டவரைத் தூக்குனா வண்டி மல்லாந்துருமுங்க."

அதற்கப்புறம் முக்கால் மணி நேரம் பாடம் நடந்தது. துளைக்குள் இறங்கும் ராடு ஒவ்வொன்றும் இருபது அடி, நாலரை இஞ்ச் தடிமன். அது படுத்திருக்க ரேக் வேண்டும். கம்ப்ரசர் இல்லாமல் ரிக் என்பது வெறும் கம்பம். காற்றுதான் உள்ளே சுத்தியலையும் அடிக்கிறது, நொறுங்கிய கல்லையும் மேலே ஊதித் தள்ளுகிறது. பாறையைக் குடையும் பிட்டின் முகத்தில் பல் இருக்காது, குண்டு குண்டாக பட்டன்தான் இருக்கும் (நான் ஸ்குரூ மாதிரி செய்துவைத்திருந்தேன்; அது தச்சர் வேலைக்கு என்றீர்கள்). கடைசியாகக் கிளம்பும்போது, "டவரைச் சாய்க்காம வண்டிய ஓரடி கூட நகத்தக் கூடாதுங்க. மேல கரண்டுக் கம்பி இருக்கும்" என்றீர்கள். அதை நான் குறித்துக்கொள்ளவில்லை. அது பற்றிப் பிறகு வருகிறேன்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். இந்தப் பொம்மைகள் 28 மில்லிமீட்டர் அளவு என்பார்கள். கிட்டத்தட்ட 56-இல் ஒரு பங்கு. இருபது அடி ராடு 11 சென்டிமீட்டர் ஆகிறது. நாலரை இஞ்ச் தடிமன் 2 மில்லி ஆகிறது. சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியின் தடிமன் 2 மில்லி! அன்று இரவு தூக்கம் வரவில்லை. சைக்கிள் கடையில் பழைய கம்பி ஒரு கட்டு சும்மாவே கொடுத்தார்கள். அவர்களுக்கும் நன்றி.

வண்டியின் அகலத்தில் மட்டும் கணக்கை மீறினேன். உண்மை அளவில் லாரி நாலரை சென்டிமீட்டர் அகலம்தான் வரும். ஆர்க் நிற்கும் வட்டத் தட்டு 32 மில்லி. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்க ஏழு சென்டிமீட்டராவது வேண்டும். விதிப்படி இந்த வண்டியில் ஏறக்குறைய இருபது பேர் ஏறலாம். என் வண்டியில் எட்டுப் பேர் நின்றாலே நெரிசல். மிச்சப் பேர் உள்ளே இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும், நம்ம டவுன் பஸ் மாதிரி.

லேத் அண்ணா, சக்கரம் உங்கள் புண்ணியம். பத்துச் சக்கரமும் ஒரே அளவில் வேண்டும். மருந்துப் புட்டி மூடி, பட்டன், கேரம் காய் என்று எதை எதையோ வைத்துப் பார்த்துத் தோற்றுத்தான் உங்களிடம் வந்தேன். நைலான் ராடில் கடைந்து, டயர் வரிக்கு நர்லிங் போட்டுத் தாருங்கள் என்றேன். நைலான் அமுங்கி நிமிர்ந்துகொள்ளும், வரி தெளிவாக விழாது, அலுமினியம் எடு என்றீர்கள். முதலில் கணக்குப்படி 19 மில்லியில் இரண்டு கடைந்தோம். அகலப்படுத்திய வண்டிக்குக் கீழே அது கோழிக்கால் மாதிரி இருந்தது. ஒரு வார்த்தை சொல்லாமல் அதைத் தூக்கி ஸ்க்ராப் பெட்டியில் போட்டுவிட்டு, 25 மில்லி ராடை எடுத்து மாட்டினீர்கள். எட்டு மில்லி தடிமனில் ஒவ்வொன்றாக அறுத்து விழவைத்தது, பக்கத்தில் ஆர்டர் வேலை காத்துக்கொண்டிருந்தபோது. காசு வாங்க மறுத்ததற்கு நன்றி சொல்ல மாட்டேன், அது தப்பு. ஆனால் ஒன்று உங்களுக்குத் தெரியாது. அலுமினியச் சக்கரம் ஒவ்வொன்றும் பத்து கிராமுக்கு மேல். பத்தும் சேர்ந்து நூறு கிராம் அடியில் உட்கார்ந்ததால், டவரை முழுசாகத் தூக்கினாலும் வண்டி மல்லாக்கப் போகவில்லை. நைலானாக இருந்திருந்தால் பாதி எடைகூட வந்திருக்காது.

வண்டியின் உடம்பு முழுக்க சன்போர்டு என்கிற பிளாஸ்டிக் நுரை அட்டை. ஃப்ளெக்ஸ் கடைத் தம்பி கொடுத்த வெட்டுத் துண்டுகள், 3 மில்லியும் 5 மில்லியும். இதை ஒரே அழுத்தாக அறுக்கக் கூடாது, புது பிளேடு போட்டு மூன்று நான்கு முறை மெதுவாக இழுக்க வேண்டும் என்று அவன்தான் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தான். பானட் வளைவுக்குக் கடையில் இருக்கும் ஹாட் கன்னைக் காட்டி வளைத்தும் கொடுத்தான். மெழுகுவத்தியில் காட்டி வளைக்கப் பார்த்தவனை, அந்தப் புகை நல்லதில்லை என்று தடுத்ததும் அவனே.

தம்பியின் பேச்சைக் கேட்காத ஓர் இடம் உண்டு. உள்ளே வெறுமையாக விடாமல் 5 மில்லி போர்டில் விலா எலும்பு மாதிரி குறுக்குத் துண்டு வை என்றான். எனக்குச் சோம்பல். டிவி பெட்டியோடு வந்த தெர்மாகோலை வெட்டி உள்ளே அடைத்தேன். மேலே அடிப்பூச்சாக ஸ்ப்ரே பிரைமர் அடித்தேன். பின்பக்கத்தில் ஒரு பொருத்து சரியாக மூடவில்லை. காலையில் பார்த்தால், டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி தெர்மாகோல் உள்ளே சுருங்கிக் கிடக்கிறது, கேபின் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. ஸ்ப்ரேயில் இருக்கும் தின்னர் தெர்மாகோலைக் கரைத்துவிடும். பத்தாம் வகுப்புப் பையனுக்கே தெரிந்த விஷயம். இரண்டு மாத வேலை. ஒரு வாரம் அந்த மேசைப் பக்கமே போகவில்லை. பிறகு கடைக்குப் போனபோது, "விலா வைக்கலையாண்ணே?" என்று மட்டும் கேட்டுவிட்டு 5 மில்லி துண்டுகளை எடுத்து நீட்டினான். அதற்குத்தான் நன்றி, போர்டுக்கு அல்ல.

மெடிக்கல் அக்கா, இனி நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். அந்தச் சிரிஞ்சுகள்தான் டவரைத் தூக்கும் ஹைட்ராலிக். வண்டிக்குள் 2 மில்லி சிரிஞ்சு, என் கையில் 5 மில்லி, நடுவில் டிரிப்ஸ் குழாய், உள்ளே தண்ணீர். கையில் இருப்பதை அழுத்தினால் டவர் எழும்பும். முதலில் அது எழும்பாமல் ஸ்பிரிங் மாதிரி துள்ளிக்கொண்டே இருந்தது. குழாயில் காற்றுக் குமிழி இருக்கும், சிரிஞ்சை நிமிர்த்திப் பிடித்து விரலால் சுண்டி வெளியேற்று என்று கவுன்டரில் இருந்தபடியே செய்து காட்டினீர்கள். தண்ணீர் அமுங்காது, காற்று அமுங்கும், அவ்வளவுதான் விஷயம். டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவன் இதை மருந்துக் கடையில் கற்றுக்கொண்டேன் என்பதை வெளியே சொல்லிவிடாதீர்கள்.

ஜூஸ் கடைக்காரர் கொடுத்த 3.1 கிலோ மாங்கூழ் டின் கவசத் தகடு ஆயிற்று. உப்புத் தண்ணீரும் வினிகரும் தெளித்துப் போட்டதில் உண்மையான துருவே ஏறியது. விரலில் மூன்று தையலும் அதன் உபயம்.

பெயிண்டர் ஐயா, லாரி நெற்றியில் எழுதிப் பழகிய கை, கட்டைவிரல் நகம் அளவுப் பலகையில் எழுதச் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பிரஷில் நாலைந்து முடியை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைக் கத்தரித்தீர்கள். என்ன கலர் என்று கேட்டபோது சிவப்பு என்றேன். சிவப்பு வண்டிதான் வேகமாக ஓடும் என்பது ஆர்க்குகளின் நம்பிக்கை என்று விளக்கினேன். "லாரிக்காரங்களும் அப்படித்தான் சொல்வாங்க, ஓட்டுறவன் காலைப் பத்தி யாரும் பேசமாட்டாங்க" என்றீர்கள். "பச்சைமுகம் போர்வெல்ஸ்" என்ற அந்த எழுத்தைப் பார்த்துத்தான் ஓசூரில் எல்லோரும் முதலில் போட்டோ எடுத்தார்கள். பின்னால் "ஒலி எழுப்பவும்" நான் கேட்காமலே வந்தது.

அப்பாவைப் பற்றி அதிகம் எழுதினால் அவருக்குப் பிடிக்காது. காரிமங்கலம் பக்கம் எங்கள் நிலத்தில் மூன்று முறை போர் போட்டோம். மூன்றாவது ஆயிரம் அடி. தண்ணீர் இல்லை, புகைதான் வந்தது. அதற்குப் பிறகு ரிக் லாரியைப் பார்த்தாலே அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதனால் மேசையில் நான் செய்வதை முதல் நான்கு மாதம் துணி போட்டு மூடியே வைத்திருந்தேன். ஒரு நாள் கிரானைட் பாலிஷ் பட்டறையில் இருந்து வாங்கிவந்த காய்ந்த கல்தூளை வேட்டித் துணியில் சலித்து, வண்டிமேல் தூவிக்கொண்டிருந்தேன். அப்பா பின்னால் வந்து நின்றிருக்கிறார். "பத்தாது" என்றார். முதலில் செம்மண் நிறத்தில் வரும், பாறை பட்டதும் வெள்ளையாகும், கண்ணு மூக்கெல்லாம் அப்பிக்கொள்ளும், ஓட்டுகிறவன் புருவம்கூட வெளுத்துவிடும் என்று சொல்லிக்கொண்டே, சலித்த தூளை இரண்டு விரலால் எடுத்து டவரின் அடியிலும் ஜாக்கிக்குப் பக்கத்திலும் அவரே போட்டார். அந்த இடத்தை நான் தொடவே இல்லை. அப்படியே வார்னிஷ் அடித்துவிட்டேன்.

ஓசூரில் ஞாயிற்றுக்கிழமை கூடி விளையாடும் கூட்டாளிகளே, அசல் பேட்டில்வேகனை அளவெடுக்க ஒரு வாரம் கடன் கொடுத்ததற்கும், வீட்டில் செய்த வண்டியை மேசையில் ஏற்க ஒருமனதாகத் தலையாட்டியதற்கும் நன்றி. டவரும் வண்டியின் பாகம், அது கண்ணில் பட்டால் சுடலாம் என்று நிபந்தனை போட்டது நியாயம்தான். சாய்த்து வைத்தால் சுவருக்குப் பின்னால் ஒளியும், தூக்கினால் தெரியும்.

முதல் ஆட்டத்தில் நடந்ததை மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். எல்லோரும் பார்க்கட்டும் என்று சிரிஞ்சை அழுத்தி டவரைத் தூக்கிக் காட்டினேன். கைதட்டினார்கள். தூக்கிய டவரோடே வண்டியை நகர்த்திப் பாழடைந்த கட்டடத்துக்குப் பின்னால் நிறுத்தினேன். டவர் நுனி சுவருக்கு மேலே இரண்டு விரற்கடை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. எதிராளி குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், சிரித்தார், பகடையை எடுத்தார். இரண்டாவது சுற்றிலேயே என் ஏழு மாத வேலை வெடித்துச் சிதறியது, விளையாட்டுக் கணக்கில்.

அன்றிரவு ஆபரேட்டர் அண்ணனுக்குப் போன் போட்டு ஒப்புக்கொண்டேன். "நான் அன்னைக்கே சொன்னேனுங்களே" என்று சிரித்துவிட்டு, எத்தனை அடி போச்சு என்று கேட்டார்.

வண்டி இப்போது பழையபேட்டை வீட்டில், கண்ணாடி ஷெல்ஃபில், டவர் சாய்த்த நிலையில் இருக்கிறது. எந்த ஞாயிற்றுக்கிழமை வந்தாலும் பார்க்கலாம். அம்மா டீ போடுவார். லேத் அண்ணா, உங்கள் வெர்னியர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வரும் வாரம் கொண்டுவருகிறேன். கூடவே ஒரு 25 மில்லி ராடும் கொண்டுவருவேன். கம்ப்ரசர் லாரி தனியாக வர வேண்டும் என்று ஆபரேட்டர் அண்ணன் சொல்லிவிட்டார். இன்னும் பத்துச் சக்கரம்.

அன்புடன்,
பழையபேட்டை போர் வண்டிக்காரன்