அந்தப் பாட்டில் சாத்தான் எங்கே?

அன்புள்ள குமரனுக்கு,

ராபர்ட் ஜான்சன் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பாடகரின் 'கிராஸ் ரோடு ப்ளூஸ்' (நாற்சந்தி ப்ளூஸ்) பாட்டு, சாத்தானிடம் ஆன்மாவை விற்றவன் கதை என்று எழுதியிருந்தாய். சாத்தான் வருகிற வரியைக் காட்டு பார்ப்போம். கிடைக்காது. நாற்சந்தியில் மண்டியிட்டு அவர் கூப்பிடுவது ஆண்டவனை, கேட்பது இரக்கம். சாத்தானோடு பேரம் பேசிய கதை டாமி ஜான்சன் என்ற வேறொரு பாடகரைப் பற்றி அவருடைய சகோதரர் லெடெல் சொன்னது. பின்னால் அது ராபர்ட் தலையில் ஏறிவிட்டது.

ப்ளூஸ் என்பது கறுப்பின மக்களின் துயரப் பாட்டு. அதில் முதல் வரியைப் பாடி, அதையே திரும்பப் பாடி, மூன்றாவது வரியில் பதில் சொல்வார்கள்; இந்த மூன்று வரியும் சேர்ந்தது ஒரு கண்ணி. ஆகவே மூன்றாம் வரிகளை மட்டும் தனியே எழுதிப் பார். இங்கே ஒரு கண்ணியில் முதலிரண்டு வரியிலும் சூரியன் இறங்குகிறது. மூன்றாவதில், பாவம் பாப், தானே மூழ்குவதாகச் சொல்கிறார். பாப் என்பது அவரேதான். பொழுதும் ஆளும் ஒன்றாய்ச் சாய்கிறார்கள். பாட்டின் முடிச்சு அதுதான்.

பொழுது சாய்ந்தால் ஏன் இவ்வளவு பயம்? பதிவு நடந்தது 1936 நவம்பரில், டெக்சாஸின் சான் அன்டோனியோவில். அவர் வளர்ந்தது மிசிசிப்பி டெல்டாவில். அந்தக் காலத்தில் அங்கே இருட்டிய பிறகு ஊர் தெரியாத சாலையில் தனியாக நிற்கும் கறுப்பின ஆளை, வேலையின்றித் திரிகிறான் என்று சொல்லியே பிடித்து உள்ளே தள்ள முடிந்தது. அடி, கொலைகூட நடந்தது. கைகாட்டியும் வண்டி நிற்கவில்லை, யாருக்கும் என்னைத் தெரியவில்லை என்ற வரியை இதோடு சேர்த்துப் படி. துணைக்குப் பெண் இல்லை என்றும் பாடுகிறார்; அது காதல் ஏக்கம் மட்டுமல்ல; போய்ப் படுக்க ஒரு வீடு இல்லை என்பதும்தான்.

பாட்டில் வரும் வில்லி பிரவுன் கற்பனைப் பெயர் அல்ல, சார்லி பேட்டன் என்ற ப்ளூஸ் பாடகரோடு வாசித்த கிதார் கலைஞர். என் நிலைமையை அவனிடம் போய்ச் சொல் என்று ராபர்ட் பாடுகிறார்.

ஒரு எச்சரிக்கை. அதே கண்ணியில் 'இன்று காலை' என்று வரும். மாலையில் நிற்பவருக்குக் காலை எப்படி என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதே. அது பல பாட்டிலும் சந்தம் நிரப்ப வரும் சொல். இப்படி இட்டுநிரப்பும் சொற்களுக்கு உள்ளர்த்தம் தேடப் போய்த்தான் பலர் சறுக்குகிறார்கள்.

இணையத்தில் கிடைக்கும் வரிகளை நம்பாதே. தேய்ந்த இசைத்தட்டைக் கேட்டு ஆளுக்கொரு விதமாக எழுதியவை. இதே பாட்டை அவர் இரண்டு முறை பாடிய பதிவுகள் இருக்கின்றன, வரிகள் கொஞ்சம் மாறும். இரண்டையும் காதால் கேட்டு நீயே எழுதி, மூன்றாம் வரிகளை மட்டும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா