கொன்யாவின் சமாவை இரவு விருந்துக் கேளிக்கையோடு சேர்க்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பயணப் பகுதியில் துருக்கி பற்றிய கட்டுரையைப் படித்தேன். இஸ்தான்புல்லின் கடைத்தெருக்களும் படகுப் பயணமும் நன்றாகவே எழுதப்பட்டிருந்தன. என் மனம் வருந்தியது ஒரே இடத்தில்தான். 'மாலைப் பொழுதுபோக்கு' என்ற பெட்டிச் செய்தியில், பெல்லி டான்ஸுக்கும் கபாப் விருந்துக்கும் நடுவே ரூமியின் வழிவந்த சூஃபிகளான மெவ்லவி தர்வேஷ்களின் சுழற்சியையும் போட்டிருந்தீர்கள். அதற்கு வைத்த படமோ, பல வண்ணப் பாவாடையில் விளக்குகள் மின்ன ஆடும் ஒருவருடையது. அது எகிப்தின் தனூரா ஆட்டம். துபாய்ப் பாலைவனச் சுற்றுலாவுக்குப் போய்வந்த நம்மவர்கள் பலர் சாப்பாட்டு நேரத்தில் அதைப் பார்த்திருப்பார்கள். தனூராவுக்கும் சூஃபி வேர் உண்டு, ஆடுபவரின் திறமையும் லேசுப்பட்டதல்ல. ஆனால் துருக்கியின் கொன்யாவில் நடக்கும் சமா என்ற சுழற்சி வழிபாடு வேறு.

சூஃபி ஞானியும் கவிஞருமான மௌலானா ஜலாலுத்தீன் ரூமி 1273 டிசம்பர் 17 அன்று மறைந்து, அடங்கியிருக்கும் ஊர் கொன்யா. அவருடைய மகன் சுல்தான் வலதின் காலத்தில்தான் மெவ்லவி தரீக்கா (சூஃபி நெறிக் குழு) ஒழுங்கான அமைப்பாக உருவெடுத்தது. அவர்களுடைய சமா, சுழற்சியில் தொடங்குவதே இல்லை. முதலில் நபிகள் நாயகத்தைப் புகழ்ந்து ஒருவர் பாடுவார். பிறகு முரசு, அதன்பின் நாணல் குழல் தனியாக. அடுத்து குருவான ஷைகு முன்னே செல்ல, எல்லாரும் கூடத்தை மூன்று முறை மெதுவாக நடந்தே வலம் வருவார்கள். ஷைகு அமரும் செம்மறித் தோல் விரிப்பை எட்டியதும், முன்னால் போனவர் திரும்பி, பின்னால் வருபவரின் முகத்தைப் பார்த்துத் தலை வணங்குவார், அவரும் வணங்குவார். பத்துப் பதினைந்து நிமிடம் ஒரு சுழற்சியும் இல்லை. விருந்து விடுதிகள் முதலில் வெட்டி எறிவது இந்தப் பகுதியைத்தான்.

உடுப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தலையில் இருக்கும் உயரமான கம்பளித் தொப்பி மீசான் கல்லை, அதாவது கல்லறைக் கல்லைக் குறிக்கிறது. மேலே போர்த்தியிருக்கும் கறுப்பு அங்கி கபுறு, அதாவது புதைகுழி. உள்ளே இருக்கும் வெள்ளை ஆடை கபன் துணி, அதாவது இறந்தவரைப் போர்த்தும் துணி. அந்தக் கறுப்பு அங்கியைத் தரையில் நழுவவிட்டு, கைகளைக் குறுக்கே தோள்களில் வைத்தபடி வெள்ளையோடு எழுந்து நிற்பவர், தன் 'நான்' என்பதைப் புதைத்துவிட்டு நிற்கிறார். ஷைகின் கையை முத்தமிட்டு அனுமதி பெற்ற பிறகுதான் சுழலவே தொடங்குகிறார். வலது உள்ளங்கை வானத்தைப் பார்த்து, இடது உள்ளங்கை மண்ணைப் பார்த்து. மேலிருந்து பெற்றதைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் கீழே கொடுத்துவிடுவதாக அதற்குப் பொருள் சொல்வார்கள். இவ்வளவு பொருளைச் சுமக்கும் உடுப்பில் வண்ண விளக்கைக் கட்டித் தொங்கவிட்டால் என்ன மிஞ்சும்?

பயிற்சியும் எளிதல்ல. ஒரு மரப்பலகை, நடுவில் மழுங்கிய தலையுள்ள ஓர் ஆணி. இடது காலின் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே அந்த ஆணி இருக்கும்படி நிற்க வேண்டும். தோல் உரியாமலிருக்கப் பலகையில் உப்பைத் தூவுவார்கள். இடது கால் தரையை விட்டு எழக்கூடாது. வலது கால் உந்த உந்த, உடல் இதயப் பக்கமாகத் திரும்ப வேண்டும். அந்தக் காலத்தில் இந்தப் பலகை இருந்ததே தைக்காவின், அதாவது சூஃபி மடத்தின், சமையற்கட்டில்தான். புதிதாக வந்த முரீது (சீடர்) 1001 நாள் அங்கே பணிவிடை செய்ய வேண்டும். பெருக்குவது, பாத்திரம் கழுவுவது, கடைக்குப் போவது என்று நாள் கழியும். தலைமைச் சமையற்காரர்தான் அவருக்கு ஆசான்.

1925-இல் துருக்கிக் குடியரசு எல்லாத் தைக்காக்களையும் சட்டம் போட்டு மூடியது. ரூமியின் அடக்கத்தலம் 1927-இல் அருங்காட்சியகமானது. தரீக்காவின் தலைமை சிரியாவின் அலெப்போவுக்குப் போய்விட்டது. 1950களில் ரூமி நினைவு விழா என்ற பெயரில், ஒரு பண்பாட்டு நிகழ்ச்சியாக மட்டும், கொன்யாவில் சமாவுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. வழிபாடாக வளர்ந்த ஒன்று, மேடையேறினால்தான் உயிர் பிழைக்கலாம் என்ற நிலை. இந்த வரலாறு தெரியாமல், 'காசுக்கு ஆடுகிறார்கள்' என்று அவர்களைக் குறை சொல்வதும் அநியாயம். அந்த மேடை இல்லாதிருந்தால் பெரியவர்களிடமிருந்து முறை கற்றுக்கொள்ள அடுத்த தலைமுறையே இருந்திருக்காது. 2005-இல் யுனெஸ்கோ இதை மனித குலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது, 2008-இல் தன் பட்டியலிலும் சேர்த்தது. அதனால் பெயர் பரவியது. கூடவே விடுதிக் காட்சிகளும் பெருகின. அடுத்த மேசையில் தட்டும் கரண்டியும் ஒலிக்க, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் சுழற்சியைப் பார்த்துவிட்டு, 'சமா பார்த்தேன்' என்று ஒருவர் திரும்பி வருவது அவருக்கே இழப்பு.

உங்கள் வாசகர்களில் சிலராவது அங்கே போவார்கள். டிசம்பரில் ரூமியின் நினைவு நாளை ஒட்டிய நாட்களில் கொன்யாவுக்குப் போகச் சொல்லுங்கள். இஸ்தான்புல் மட்டும் போகிறவர்கள் 1491-இல் தொடங்கிய கலாத்தா மெவ்லவி தைக்காவைப் பார்க்கலாம். இப்போது அது அருங்காட்சியகம். சமாவில் ஸலாம் எனப்படும் நான்கு சுழற்சிப் பகுதிகளும் முடிந்ததும் குர்ஆன் ஓதப்படும், பிறகு துஆ (பிரார்த்தனை), ஃபாத்திஹா (குர்ஆனின் முதல் அத்தியாயம்). அது முடியும்வரை எழுந்திருக்க வேண்டாம், இடையில் கைதட்ட வேண்டாம் என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அடுத்த இதழில் அந்தப் படத்தை மாற்றி, சரியான விளக்கத்தோடு ஒரு சிறு திருத்தமாவது வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
நெடுநாள் வாசகர்,
காயல்பட்டினம்